ஏடு கேட்பவர் பகையோடு எழலாமா?

கார்த்திகை மாதம் சாமிதோப்புத் தலைமைப்பதியில் 17 நாள் திருஏடு வாசிப்பு நடக்கிறது. ஊர்தோறும் நிழல்தாங்கல்களிலும் வசதிப்படி ஏடு வாசிக்கிறார்கள். அத்தனை நாளும் கேட்டவர், வந்த மனதோடேயே வீட்டுக்குத் திரும்பலாமா? அன்புக்கொடி மக்கள் ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

அரிகோபாலன் சீடர் எழுதிய அகிலத்திரட்டு அம்மானை எட்டு யுகங்களின் வரலாறு. முதல் யுகத்தில் பிறந்த குறோணியை மாயோன் ஆறு துண்டாக வெட்டினார். அத்துண்டுகள் அடுத்தடுத்த யுகங்களில் அரக்கராகப் பிறந்தன. இராவணனாகவும் துரியோதனனாகவும் வந்து, கடைசியில் கலியனாகவும் வந்தது அந்தக் குறோணியே. சாகும் வேளையிலும் இராவணன் தன் தவற்றை ஒப்பவில்லை. தம்பியின் துணையால்தான் வென்றாய் என்று வீம்பு பேசினான். அந்த வீம்புதான் அடுத்த பிறவிக்கும் போனது.

கலியுகத்தில் அய்யா வைகுண்டர் ஆயுதம் எடுக்கவில்லை. கலி மாயையாக மனிதரின் மனதுக்குள் குடியிருக்கிறது. மனதுக்குள் இருப்பதை எந்த வாள் வெட்டும்? பொறுமையால்தான் அதை வெல்ல முடியும். 1833இல் அவதரித்த அய்யாவைத் திருவிதாங்கூர் அரசு பிடித்துச் சென்று திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது. பசித்த புலியின் முன்னும் நிறுத்தியது. விடுதலையாகி வந்த அய்யா பழிவாங்கக் கூட்டம் சேர்க்கவில்லை. 700 குடும்பங்களைத் துவையல் தவசுக்கு அனுப்பினார். உடுத்த துணியையும் உடலையும் கழுவிய மக்கள் மனதையும் கழுவிக்கொண்டார்கள்.

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தார்க்கு வடலூர் பக்கத்து ஊர். அங்கே 1872இல் வள்ளலார் அமைத்த சத்திய ஞானசபையில் ஏழு திரைகளுக்குப் பின்னே ஜோதி தரிசனம். நம் பதிகளிலும் தாங்கல்களிலும் பள்ளியறையில் நிலைக்கண்ணாடி. அதன் முன் நிற்பவர் தம் முகத்தையே பார்க்கிறார். நெற்றியில் திருநாமம் துலங்குகிறது. நெஞ்சில் என்ன இருக்கிறது?

வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் பத்து வருஷமாய்ப் பேசாமலிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஏடு கேட்க வருகிறார்கள். ஒருவர் கிழக்கே, ஒருவர் மேற்கே உட்காருகிறார். கலியனின் கதையைக் கேட்கும்போது ஒவ்வொருவரும் மற்றவரை நினைத்துக்கொண்டால் ஏடு காதோடு நின்றுவிடும். தமக்குள் இருக்கும் குறோணியின் துண்டைக் கண்டவருக்கே அது நெஞ்சில் இறங்கும்.

மன்னிப்பதென்றால் வரப்பை விட்டுக்கொடுக்க வேண்டுமென்பதில்லை. நியாயத்தை நாலு பேர் முன் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். வன்மத்தை மட்டும் இறக்கி வைத்தால் போதும்.

17ஆம் நாள் பட்டாபிஷேக வாசிப்பு. தர்மயுகத்துக்கு அய்யா முடிசூடும் நாள். அந்த நாளுக்கு முன்பே பகைத்தவர் வீட்டுப் படியேறி, “வாங்க, ஏடு கேட்கப் போகலாம்” என்று கூப்பிடுங்கள். அன்னதர்மப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்காருங்கள். தர்மயுகம் அந்தப் பந்தியிலேயே தொடங்கட்டும்.

அய்யா உண்டு.