வலுவும் அளவும்

கடல் கடந்த நாடொன்றில் வாழும் எம் பழைய மாணவர் ஒருவர், விடுமுறையில் எம்மைக் காண வந்தார். இரண்டு மாதச் சம்பளத்தைச் செலவிட்டுத் தம் மோட்டார்க் காருக்குப் புதிய சைலன்சரும் காற்று வடிகட்டியும் பூட்டியதாகவும், அதனால் எஞ்சினின் வலு 12 பரிவலு உயர்ந்ததாகவும் கூறி, பட்டறையார் தந்த அளவுத்தாளைக் காட்டினார். “பூட்டுமுன் அளந்தீரோ?” என வினவினோம். “இல்லை ஐயா, கார் செய்தவர்கள் குறித்த எண் இருக்கிறதே” என்றார்.

இலக்கணம் கற்பிக்கும் எமக்கு எந்திர நூலறிவு சிறிதே. ஆயினும், இரண்டை ஒப்பிடுவோன் இரண்டையும் ஒரே கோலால் அளத்தல் வேண்டும் என்பது எத்துறைக்கும் பொதுவிதியன்றோ?

வலுவென்பது வேலை செய்யப்படும் வீதம். நிமிடத்துக்கு 33,000 அடி-இறாத்தல் வேலையை ஒரு பரிவலு என வகுத்தவர் ஜேம்ஸ் வாட். அஃது ஏறக்குறைய 746 வாற்று ஆகும். சுழலும் தண்டின் வலுவை, அதனை உராய்வினால் தடுத்து அளக்கும் கருவியை 1821இல் பிரான்சிய அறிஞர் புரோனி அமைத்தார். தண்டின் முறுக்கத்தை இறாத்தல்-அடியில் அளந்து, நிமிடச் சுழற்சியாற் பெருக்கி, 5,252ஆல் வகுப்பின் பரிவலு கிடைக்கும். இக்காலப் பட்டறைகளிலோ, காரை உருளைமேல் ஏற்றி ஓட்டி, சில்லுகளிற் கிடைக்கும் வலுவைக் கணிக்கின்றனர்.

வழு புகும் வாயில்கள் பல. முதலாவது, அளக்கும் இடமும் முறையும். செவர்லே கோர்வெற் காரின் 350 கன அங்குல அடிப்படை எஞ்சினுக்கு 1971இல் 270 பரிவலு என்றனர். 1972இல் 200 என்றனர். எஞ்சின் அத்துணை நலியவில்லை. துணைக்கருவிகளின்றி அளந்த மொத்த வலுவை விடுத்து, அவற்றோடு அளந்த தேறிய வலுவைக் குறித்தனர் என்க. இனி, எஞ்சினில் எழும் வலுவிற் சிறு பங்கு கியர்ப்பெட்டியிலும் ரயரிலும் கழிந்த பின்னரே உருளையை அடையும். எம் மாணவரின் தாளில், சில்லில் அளந்த எண்ணோடு அவ்விழப்பை ஊகித்துக் கூட்டியிருந்தனர். ஊகம் சற்றே மிகின், காசு செலவின்றியும் 12 பரிவலு தோன்றிவிடும்!

இரண்டாவது, காற்றின் நிலை. வெப்பநிலை 25 பாகை செல்சியசிலிருந்து 35 ஆக உயரின், அமுக்கம் மாறாதபோது, காற்றின் அடர்த்தி ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று குறையும். எஞ்சினின் வலுவும் தளரும். ஆதலின் வெப்பநிலைக்கும் அமுக்கத்துக்கும் ஏற்பத் திருத்தம் செய்வர். முன்னும் பின்னும் ஒரே திருத்தமுறையே கையாளப்படல் வேண்டும். ரயரின் காற்றமுக்கமும், எண்ணெயின் சூடும், ஓட்டும் கியரும் மாறலாகா.

மூன்றாவது, ஒருமுறை அளந்து அமைதல். ஒரு கார் பூட்டுமுன் 98, 100, 102 எனவும், பூட்டியபின் 99, 101, 103 எனவும் காட்டிற்று எனக் கொள்வோம். சராசரி ஒன்று கூடியது. ஆனால் அளவுகளின் வேறுபாடோ நான்கு. இதனை ஏற்றமென்று துணிதல் தகாது. பழைய உறுப்பை மீண்டும் பூட்டி அளக்கும்போது எண் பழைய நிலைக்கு இறங்குமாயின், அப்பொழுதே ஏற்றம் மெய்யென ஒருவாறு தெளியலாம்.

எம் மாணவர் பழைய சைலன்சரை எறிந்திலர். திரும்பிச் சென்று, ஒரே நாளில், ஒரே உருளையில் மும்முறை புதியதையும், மும்முறை பழையதையும், மீண்டும் மும்முறை புதியதையும் பூட்டி அளந்து, எமக்கு எழுதினார்: ஏற்றம் மூன்று பரிவலு, அளவுகளின் வேறுபாடு ஒன்றே. “ஒன்பதை இழந்தேன் ஐயா” என்றும் எழுதியிருந்தார். இல்லாத ஒன்பதை எங்ஙனம் இழத்தல் கூடும்? மெய்யாகிய மூன்றை அன்றே பெற்றார் என விடை எழுதினோம்.

நல்லாசிரியனுக்கு நிறைகோலை உவமையாக்கினார் நன்னூலார். பொருளுக்கு உடையவன் விருப்பத்தின் பக்கம் கோல் சாய்வதில்லை. மாணவர்காள், காசு கொடுத்த பின்னர் அளக்கும்போதே இதனை மிகுதியும் நினைமின்.