வாரம் ஐந்து நிமிடம்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு குழந்தை பிறந்தும் அழாமல் கிடந்தால், பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ்தான். டாக்டருக்குச் சொல்லி அவர் வந்து சேர்வதற்குள் முதல் நிமிடம் போய்விடும். பெரிய மருத்துவமனைகள் உள்ள திருச்சியோ பெரம்பலூரிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது நமக்குப் பெரிய பலம். ஆனாலும் ஆண்டிமடத்திலோ வேப்பந்தட்டையிலோ பிறக்கும் குழந்தைக்கு அந்த முதல் நிமிடத்தில் உதவக்கூடியவை அங்கேயே இருக்கும் இரண்டு கைகள்தாம். அந்தக் கைகளின் திறமையைப் பயிற்சி வகுப்பு தொடங்கி வைக்கலாம், கட்டிக்காக்க அதனால் முடியாது என்பதே அனுபவம் எனக்குக் கற்றுத்தந்த பாடம்.

“தினமும் பிரசவம் பார்க்கிறோமே, அதைவிட என்ன பயிற்சி?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 100 குழந்தைகளில் ஏறக்குறைய 85 தாமாகவே மூச்சுவிடும்; இன்னும் 10 துடைத்துத் தூண்டினால் அழுதுவிடும். மாஸ்க் வழியாக மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக் தேவைப்படுவது சுமார் 5 குழந்தைகளுக்கு. மாதம் 20 பிரசவம் நடக்கும் இடத்தில் மூன்று நர்ஸ்கள் முறைவைத்துப் பார்த்தால், ஒருவர் கைக்கு ஆம்பு பேக் வருவது ஆண்டுக்கு நான்கு முறை. நான்கு மாத இடைவெளி விழுந்தாலும் ஆச்சரியமில்லை. அத்தனை நாள் தொடாத வேலையைக் கை தானாகச் செய்யும் என்று நம்பி ஒரு உயிரை ஒப்படைக்க முடியாது.

பயிற்சி வகுப்பு மட்டும் போதாது என்பதற்குத் தான்சானியாவின் ஹைடோம் என்ற கிராமப்புற மருத்துவமனையில் சான்று இருக்கிறது. அங்கே பிறந்த குழந்தைக்கு மூச்சு கொடுப்பதில் ஒருநாள் பயிற்சி கொடுத்து, ஏழு மாதம் கழித்துச் சோதித்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் பயிற்சிப் பொம்மையில் நன்றாகச் செய்தார்கள். லேபர் ரூமில் பழைய பழக்கமே தொடர்ந்தது. பிறகு வாரம் 3 முதல் 5 நிமிடம் அங்கேயே பொம்மையில் பழகும் முறையைக் கொண்டுவந்தார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் நேரும் இறப்பு ஆயிரத்துக்கு 11.1-லிருந்து 7.2-ஆகக் குறைந்ததாக 2015-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு என்பதால் குறைந்ததற்கு வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். ஆனாலும் ஐந்து நிமிடம் கேட்கும் முறைக்கு இவ்வளவு ஆதாரமே எனக்குப் போதும். நம் நாட்டில் 2009 முதல் நடக்கும் நவஜாத் சிசு சுரக்ஷா திட்டம் தரும் இரண்டு நாள் பயிற்சி அடித்தளம். பயிற்சிப் பொம்மை வகுப்பு முடிந்ததும் பீரோவுக்குள் போனால் எல்லாம் அடித்தளத்தோடு நின்றுவிடும்.

ஆள் பற்றாக்குறையில் இதற்கு ஏது நேரம் என்பது அடுத்த தடை. ஆள் குறைவு உண்மை; அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் ஆள் குறைவான இடத்தில்தான் உதவிக்கு இன்னொருவர் இருக்க மாட்டார், அங்கேதான் ஒற்றைக் கை தடுமாறவே கூடாது. டூட்டி மாறும்போது இருவர் ஒன்றாக நிற்கும் நேரம் போதும். ஒருவர் நிமிடத்துக்கு 40 முதல் 60 என்ற கணக்கில் ஆம்பு பேக்கை அழுத்தட்டும்; மற்றவர் பொம்மையின் நெஞ்சை மட்டும் பார்க்கட்டும். நெஞ்சு எழும்பாவிட்டால் முதலில் மாஸ்க்கைச் சரியாகப் பொருத்த வேண்டும், பிறகு தலையின் நிலை, பிறகு வாயில் சளி இருக்கிறதா என்று பார்த்து வாயைச் சற்றே திறப்பது, கடைசியாகத்தான் அழுத்தத்தைக் கூட்டுவது. இந்த வரிசை யோசிக்காமல் வர வேண்டும். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கும் குழந்தைக்கும் இப்படியொரு பழக்கம் தேவை: வயிறு சூடாகவும் பாதம் குளிர்ந்தும் இருந்தால் உடல் குளிரத் தொடங்கிவிட்டது என்று பொருள். மூச்சு சீராக உள்ள குழந்தையை 108 ஆம்புலன்ஸில் தாயின் நெஞ்சோடு ஒட்டவைத்து, தலைக்குக் குல்லா போட்டு, மேலே போர்த்தி அனுப்பலாம். பழகி முடித்ததும் ஆம்பு பேக்கைத் துடைத்து, 0, 1 இரண்டு அளவு மாஸ்க்கும் இருக்கிறதா என்று பார்த்து, வார்மருக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.