ஆறு அங்குலத் திரையில் பிடிஎஃப் படிக்க…

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஈழத்து நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் ‘நூலகம்’ தளத்திலும் அரிய பழைய புத்தகங்கள் ஸ்கேன் செய்த பிடிஎஃப்களாக இலவசமாகக் கிடைக்கின்றன. கிண்டில் போன்ற கருவியில் அப்படியே திறந்தால் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். பக்கங்களைப் படங்களாக மாற்றிக்கொண்டால் நிம்மதியாகப் படிக்கலாம்.

1. படமாக்கும் அவசியம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிடிஎஃப்பில் ஒரு வரியை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழ் சரியாக வந்தால் காலிபர் மென்பொருளில் இபப் ஆக்கிவிடுங்கள். எழுத்தை விருப்பம்போல் பெரிதாக்கலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவை கண்டபடி வரும். வெறும் ஸ்கேனில் ஒன்றுமே ஒட்டாது. இவற்றுக்குத்தான் படம்.

2. ஓரங்களை வெட்டுங்கள். எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது இதுதான். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ.; ஆறு அங்குலக் கருவியின் திரை அகலம் சுமார் 9 செ.மீ. அதனால் 12 பாயிண்ட் எழுத்து 5 பாயிண்டாகச் சுருங்கிவிடும். இரு பக்கமும் 2.5 செ.மீ. வெற்றிடத்தை நீக்கினாலே 7 பாயிண்ட் கிடைக்கும். பிரிஸ் என்ற இலவச மென்பொருள் ஒற்றைப்படை, இரட்டைப்படைப் பக்கங்களைத் தனித்தனியாக அடுக்கிக் காட்டும். ஓரம் மாறி மாறி வரும் புத்தகங்களுக்கு இது மிகவும் உதவி.

3. அதுவும் போதவில்லையா? பக்கத்தை மேல் பாதி, கீழ் பாதியாகப் பிரித்து, கருவியைப் படுக்கைவாட்டில் வைத்துப் படியுங்கள். எழுத்து 9 பாயிண்டுக்கு வந்துவிடும். இரண்டு வரிகள் இரு பாதியிலும் வரும்படி விடுங்கள், வாக்கியம் அறுபடாது.

4. படத்தின் அளவு திரையின் அளவோடு பொருந்தட்டும். 300 பிபிஐ கொண்ட ஆறு அங்குல பேப்பர்வைட்டுக்கு 1072 x 1448 பிக்சல். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி, கருவியில் ஏற்றி, புள்ளிகளைப் பாருங்கள். ‘க்’ என்பது ‘க’ போலத் தெரிந்தால் அளவு சரியில்லை. முழுப் புத்தகத்தையும் அதற்குப் பிறகு மாற்றலாம்.

5. ஜேபெக் வேண்டாம், எழுத்தின் விளிம்பில் அழுக்கு படிந்ததுபோல் கலங்கும். பிஎன்ஜி வடிவில், சாம்பல் நிறத்தில் சேமியுங்கள். கறுப்பு வெள்ளை இ-இங்க் திரை பொதுவாகக் காட்டுவதே 16 சாம்பல் நிலைகள்தான்.

6. மஞ்சளேறிய, சாய்ந்த ஸ்கேன்களை ஸ்கேன் டெய்லர் நிமிர்த்திச் சுத்தமாக்கும். கறுப்பை ஓர் அளவுக்கு மேல் கூட்டாதீர்கள். பழைய அச்சில் ‘ண’, ‘ன’ சுழிகள் அடைத்துக்கொண்டு வேறுபாடே தெரியாமல் போகும்.

7. கோப்புகளுக்கு 001, 002 என்றே பெயர் வையுங்கள். வெறும் 1, 2 என்றால் பல கருவிகளில் 1-க்கு அடுத்து 10-ஆம் பக்கம் வந்து நிற்கும்.

8. படங்களை ஜிப் செய்து பெயரின் கடைசியை சிபிஇசட் என மாற்றினால் கோபோ கருவியில் அப்படியே திறக்கும். கிண்டிலுக்கு, கிண்டில் காமிக் கன்வெர்ட்டர் வழியாக மாற்றுங்கள்.

9. வங்கி அறிக்கை, ஆதார், மருத்துவ அறிக்கை போன்றவற்றை இணையத்திலுள்ள இலவச மாற்றித் தளங்களில் தயவுசெய்து ஏற்றாதீர்கள். சொந்தக் கணினியிலேயே மாற்றுங்கள்.

10. மூல பிடிஎஃப்பை அழிக்க வேண்டாம். மேற்கோளுக்குப் பக்க எண் பார்க்க அதுதான் வேண்டும். ஓரம் வெட்டும்போது பல நேரம் பக்க எண்ணும் சேர்ந்தே போயிருக்கும்.