கட்டியவர், தகர்த்தவர், மீண்டும் கட்டுபவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

பாட்டனார் ஒரு மடாலயத்தைக் கட்டுகிறார். மகன் அதை வெடி வைத்துத் தகர்க்கிறான். பேரன் அதை மீண்டும் எழுப்பும் பணியில் சேருகிறான். ஜெர்மன் எழுத்தாளர் ஹைன்ரிஷ் ப்யோல் 1959-இல் வெளியிட்ட 'ஒன்பதரை மணிக்கு பில்லியர்ட்ஸ்' என்னும் நாவலின் கதை இது. ஃபேமல் குடும்பத்தின் ஐம்பதாண்டு வாழ்வு, பாட்டனாரின் எண்பதாம் பிறந்த நாளான 1958 செப்டம்பர் 6 என்னும் ஒரே நாளில் நினைவுகளாக விரிகிறது.

இந்நாவலை ழான்-மரீ ஸ்ட்ராப், தானியேல் உய்யே என்னும் தம்பதியர் 1965-இல் திரைப்படமாக்கினர். 'சமரசம் ஆகாதவர்கள்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். மூன்று தலைமுறைக் கதை ஒரு மணி நேரத்திற்குள் முடிந்து விடுகிறது! நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர். வசனத்தை உணர்ச்சி ஏற்றாமல் ஒப்பிக்கிறார்கள். கடந்த காலம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு அடையாளமே இல்லை. முதன்முறை பார்த்தபோது யார் தந்தை, யார் மகன் என்றே எனக்கு விளங்கவில்லை. பெர்லினில் முதலில் பார்த்தவர்களும் கடுமையாகவே எதிர்த்தனர். ஆனால் அந்தக் குழப்பத்திற்குக் காரணம் உண்டு. பள்ளியில் சக மாணவர்களைக் கொடுமைப்படுத்திய நெட்லிங்கர், நாஜி ஆட்சியிலும் அதிகாரி. 1958-இலும் உயர் அதிகாரி. பழையது போகாத ஊரில் 'அன்று', 'இன்று' என்று கோடு கிழிப்பது எப்படி?

மகன் ராபர்ட் நிலையியல் வல்லுநன். கட்டடத்தை நிற்க வைக்கும் கணக்கைக் கொண்டே, போர் முடியும் தறுவாயில், மடாலயத்தை வீழ்த்துகிறான். சமநிலை நிபந்தனைகளை எழுதி மதிப்பெண் வாங்கிய எனக்கு இது சுரீரென்றது. என் தந்தையார் கொத்தனார். கட்டிய சுவரை இடிப்பவனை எங்கள் வீட்டில் மன்னிக்க மாட்டார்கள். நானும் முதலில் மன்னிக்கவில்லை. ஆனால் கொலையுண்ட சிறுவர்களுக்காக வருந்தாதவர்கள் கற்களுக்காக வருந்துகிறார்களே என்பதுதான் அவனுடைய கோபம். இது புரிந்த பின்னும் என் மனம் முழுவதும் அவன் பக்கம் சாயவில்லை.

பாட்டி யோகன்னா நாஜிகளை எதிர்த்ததால் மனநல விடுதியில் அடைக்கப்பட்டவள். அமைச்சர் ஒருவரைச் சுடுபவளும் அவளே. அவளைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நாவலின் முடிவில் மடாலய வடிவிலேயே பிறந்த நாள் கேக் வருகிறது. பாட்டனார் முதலில் கோபுரத்தை வெட்டி, தட்டை மகனிடம் நீட்டுகிறார்.