சுவரில் சிகரெட் கறையா? பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள்!

உங்கள் வீட்டு ஹாலில் தொங்கும் காலண்டரைக் கொஞ்சம் கழற்றிப் பாருங்கள். அதற்குப் பின்னால் சுவர் பளிச்சென்று இருக்கிறதா? சுற்றிலும் மட்டும் டிகாக்‌ஷன் தெளித்த மாதிரி பழுப்பேறிக் கிடக்கிறதா? வீட்டில் ஒருவருக்குச் சிகரெட் பழக்கம் இருந்தால், இது அந்தப் புகையின் வேலைதான். காலண்டர் மறைத்திருந்த இடம் மட்டும் தப்பித்திருக்கிறது!

பல வீடுகளில் இந்தப் பழுப்பு கண்ணில் படுவதே ஏதாவது விசேஷம் வரும்போதுதான். மகளுக்கு வளைகாப்பு முடிந்தாச்சு, பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டும். "பச்சக் குழந்தை வரப்போற வீடு, சுவரெல்லாம் இப்படி இருக்கே!" என்று அம்மா கவலைப்படுவார். "ஒரு கோட்டிங் அடிச்சா சரியாப் போச்சு" என்பார் அப்பா, ஈஸிசேரில் சாய்ந்தபடி, கையில் சிகரெட்டோடு!

இதில் அம்மாவின் கவலைதான் நியாயமானது. வெறும் பெயின்ட் அடித்தால் இந்தக் கறை போகாது. ஏன் என்று பார்ப்போம்.

கறைக்குள் என்ன இருக்கிறது?

சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 70, புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. புகை கலைந்ததும் எல்லாம் ஜன்னல் வழியே போய்விட்டதாக நாம் நினைக்கிறோம். ஆனால், பிசுபிசுப்பான தாரும் நிகோடினும் சுவர், சீலிங், ஸ்கிரீன் துணி, சோபா என்று கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன.

இந்த மிச்சத்துக்கு 'மூன்றாம் நிலைப் புகை' என்று பெயர். பிடிப்பவர் இழுப்பது முதல் நிலை. பக்கத்தில் இருப்பவர் சுவாசிப்பது இரண்டாம் நிலை. சிகரெட்டை அணைத்த பிறகும் வீட்டில் தங்கிவிடுவது மூன்றாம் நிலை.

சுவரில் படிந்த நிகோடின் சும்மா இருப்பதில்லை. அது காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து, நைட்ரோசமைன் என்ற புற்றுநோய்ப் பொருளாக மாறுகிறது என்று 2010-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் காட்டினார்கள். கேஸ் அடுப்பு எரியும் வீடுகளில் இந்த நைட்ரஸ் அமிலம் உண்டாகிறது. 2011-ல் அதே நாட்டின் சான் டியேகோவில் இன்னொரு ஆய்வு வெளியானது. புகை பிடிப்பவர்கள் காலி செய்த வீடுகள் சுமார் இரண்டு மாதம் காலியாகக் கிடந்தன; சுத்தமும் செய்தார்கள். அப்படியும், புதிதாகக் குடிவந்த புகை பிடிக்காதவர்களின் விரல்களில்கூட நிகோடின் இருந்தது!

தவழும் குழந்தை என்ன செய்யும்? சுவரைப் பிடித்து நிற்கும். அதே கையை வாயில் வைக்கும். அதனால்தான் இந்தக் கறை வெறும் அழகுப் பிரச்னை இல்லை.

புகைக் கறைதானா?

வெள்ளைத் துணியை நனைத்து, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டுச் சுவரைத் துடையுங்கள். துணியில் மஞ்சளும் பழுப்புமாக இறங்கி, பழைய சிகரெட் நாற்றம் அடித்தால் புகைக் கறைதான். கருப்பாக வந்தால் அது விளக்கு, ஊதுவத்திக் கரி. பெயின்ட் உப்பி, உப்புப் பூத்திருந்தால் அது ஈரக் கசிவு. அதற்கு வைத்தியம் வேறு.

ஈஸிசேருக்கு மேலே உள்ள சீலிங், ஃபேன் இறக்கை, ஏ.சி.யைச் சுற்றியுள்ள இடம் எல்லாவற்றையும் பாருங்கள். பாத்ரூமையும் மறக்காதீர்கள். ரகசியமாக அங்கே போய்ப் பிடிப்பவர்கள் உண்டு. வெந்நீர் ஆவி பட்டதும் சுவரில் பழுப்புச் சொட்டுகள் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும்!

எந்தப் பெயின்ட்?

* சுண்ணாம்பு, சாதா டிஸ்டெம்பர்: தண்ணீர் பட்டால் கையோடு வந்துவிடும். கழுவ முடியாது. ஈரம் தெளித்துச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடிப்பதுதான் வழி.
* அக்ரிலிக் டிஸ்டெம்பர்: நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் மெதுவாக ஒற்றித் துடைக்கலாம். தேய்த்தால் திட்டுத் திட்டாகிவிடும்.
* எமல்ஷன், எனாமல்: தாராளமாகக் கழுவலாம்.

கழுவும் முறை

1. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். மின்சார மெயினை அணையுங்கள். ஸ்விட்ச் போர்டு பக்கம் ஈரம் போகக்கூடாது. தரையில் பழைய போர்வையை விரியுங்கள். கைக்கு ரப்பர் கிளவுஸ் கட்டாயம். நிகோடின் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும்.

2. ஒட்டடைக்குச்சியில் உலர்ந்த துணியைச் சுற்றி, சீலிங்கிலும் சுவரிலும் தூசி தட்டுங்கள். தூசியோடு தண்ணீர் விட்டால் சேறாகிவிடும்.

3. ஒரு வாளியில் ஐந்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு டேபிள்ஸ்பூன் வாஷிங் சோடா, சில சொட்டு பாத்திர சோப்பு. இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர். கதவுக்குப் பின்னால் ஒரு மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள். பளபளப்பு மங்கினால் சோடாவை விட்டுவிட்டு சோப்புத் தண்ணீர் மட்டும் போதும். அலுமினிய ஜன்னல் சட்டத்தில் சோடா படவேண்டாம்.

4. சுவரைக் கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால், அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் வழிந்து கோடு விழும். அந்தக் கோடு லேசில் போகாது. இரண்டு, மூன்றடி சதுரமாக எடுத்துக்கொண்டு, கழுவியதும் உடனே நல்ல தண்ணீரால் துடையுங்கள். தண்ணீர் பழுப்பானதும் மாற்றுங்கள். ஒரு ஹாலுக்குப் பல வாளி ஆகும். சோம்பல்படக் கூடாது!

5. கடைசியில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, ஃபேனைப் போட்டுக் காயவிடுங்கள். அதற்கு முன் ஃபேன் இறக்கைகளைத் துடைத்துவிடுங்கள். ஸ்கிரீன் துணி, குஷன் உறை, ஏ.சி. ஃபில்டர் எல்லாவற்றையும் கழுவினால்தான் நாற்றம் குறையும்.

இதைச் செய்யாதீர்கள்!

* கறை போகவில்லையே என்று ப்ளீச்சோடு பாத்ரூம் ஆசிட், வினிகர், அமோனியா எதையும் கலக்காதீர்கள். நுரையீரலைத் தாக்கும் விஷவாயு வரும்.
* பழைய எனாமல் சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பெயின்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.
* கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையில் இறங்கவேண்டாம். மகள் வருவதற்குச் சில வாரம் முன்பே கழுவி, பெயின்ட் அடித்து, வாசனை அடங்கிவிட வேண்டும்.

பெயின்ட் எப்போது?

கழுவாத சுவரில் எமல்ஷன் அடித்தால், அதிலுள்ள தண்ணீர் கறையைக் கரைத்து மேலே இழுத்துக்கொண்டு வரும். சில நாளில் புதுப் பெயின்டிலும் மஞ்சள் எட்டிப் பார்க்கும். கழுவி, நன்றாகக் காயவைத்து, கறையைத் தடுக்கும் ஆயில் ப்ரைமர் ஒரு கோட்டிங் கொடுத்த பிறகே பெயின்ட். பெயின்டரிடம் முதலிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். "தேவையில்லைங்க, ரெண்டு கோட்டிங்ல மறைஞ்சிடும்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

முக்கியமான விஷயம்

இவ்வளவு பாடுபட்டும் வீட்டுக்குள் சிகரெட் தொடர்ந்தால் எல்லாம் வீண். ஜன்னலோரம் நின்று பிடித்தாலும், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டாலும் புகை உள்ளே தங்கத்தான் செய்யும். சிகரெட் புகையைச் சுவாசிக்கும் குழந்தைகளுக்கு வீசிங், காதில் சீழ், நெஞ்சுச் சளி அதிகம் வரும். பச்சைக் குழந்தை தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோகும் ஆபத்தும் கூடுகிறது.

எனவே 'வாசற்படிக்குள் சிகரெட் இல்லை' என்று வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள். விருந்தாளிக்கும் இதே சட்டம்தான். வெளியே போய்ப் பிடித்துவிட்டு வந்தால் கை, வாய் கழுவி, சட்டை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்கவேண்டும். அடியோடு விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

அப்பாவிடம் சண்டை போடவேண்டாம். சுவரைத் துடைத்த முதல் வாளித் தண்ணீரைக் கீழே கொட்டாமல் அவரிடம் காட்டுங்கள். "பேரன் தவழப்போற இடத்துல இருந்ததுப்பா இது" என்று மகளையே சொல்லச் சொல்லுங்கள். நாம் சொல்லிக் கேட்காத தாத்தாக்கள்கூட, பேரப்பிள்ளைக்காகக் கேட்பார்கள்.

பிறகு புதுச் சுவரில் புதுக் காலண்டரை மாட்டுங்கள். அடுத்த வருஷம் கழற்றும்போது, உள்ளேயும் வெளியேயும் சுவர் ஒரே நிறமாக இருக்கட்டும்!