கடற்படையில் டாக்டராக வழி என்ன?

கேள்வி: பட்டுத் தறி நெய்கிற குடும்பம் எங்களுடையது. பிளஸ் டூ படிக்கும் மகள், கடற்படையில் டாக்டராக வேண்டும் என்கிறாள். செலவை நாங்கள் தாங்குவோமா?
- ஒரு வாசகர், சேத்துப்பட்டு

பதில்: செலவை நினைத்து அவளைத் தடுத்துவிடாதீர்கள். புனேயில் 1948 முதல் இயங்கும் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிக்கக் கல்விக் கட்டணம் கிடையாது. நீட் மதிப்பெண்ணோடு ஆங்கிலம், தர்க்கம் சார்ந்த தேர்வு, நேர்காணல், உடல் தகுதிப் பரிசோதனை உண்டு. மாணவிகளுக்கு இடங்கள் குறைவு, போட்டி கடுமை. படித்து முடித்ததும் படையில் சில ஆண்டுகள் கட்டாயம் பணியாற்ற வேண்டும். முப்படைக்கும் பொதுவான கல்லூரி என்பதால் கடற்படையே கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

அங்கே இடம் கிடைக்காவிட்டால் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரியிலோ வேறெங்கோ படித்துவிட்டு, முப்படை மருத்துவச் சேவையில் குறுகிய காலப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். ராணுவச் செவிலியர் பணிக்கான பி.எஸ்சி. நர்சிங் படிப்பும் பெண்களுக்கு உண்டு.

கடற்படையில் சேர்ந்தால் மும்பை அஸ்வினி மருத்துவமனை வளாகத்தில், ஆழ்கடலில் மூழ்குவோருக்கும் நீர்மூழ்கி வீரர்களுக்கும் உரிய மருத்துவத்தில் பயிற்சி பெறலாம். பேரிடர் உதவியும் படை மருத்துவர்களின் பணிதான்: 2004 சுனாமியின்போது ஐ.என்.எஸ். நிருபக் மருத்துவக் கப்பலாக மாறி இந்தோனேசியா சென்றது. 2023 நிலநடுக்கத்தின்போது ராணுவ மருத்துவர்கள் துருக்கியில் மருத்துவமனை அமைத்தார்கள். 2024-ல் முப்படை மருத்துவச் சேவையின் தலைமையை ஏற்ற முதல் பெண், கடற்படை மருத்துவர் ஆர்த்தி சரின்.

நீட் பாடத்தோடு ஆங்கில வாசிப்பையும் உடற்பயிற்சியையும் மகள் இன்றே தொடங்கட்டும்.