ஞானசௌந்தரியின் கைகளும் நம் பிள்ளைகளின் கேள்விகளும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஞானசௌந்தரியின் கதையைச் சொல்லி முடித்தேன். கொடியவளான மாற்றாந்தாய் லேனாளை நன்றாகவே நடித்துக் காட்டினேன், பிள்ளைகளும் ரசித்தார்கள். முடிவில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, "எல்லாச் சின்னம்மாமாரும் லேனாளைப் போலதானா, டீச்சர்?" என்று கேட்டாள். அவளுடைய தாய் காலமாகி, தகப்பனார் மறுமணம் செய்திருந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரியவந்தது.

இக்கேள்வி அவள் ஒருத்தியின் கேள்வியன்று. 2009 வரை நீடித்த போரும், 2004 டிசம்பர் 26இல் நாவலடியையும் டச்பாரையும் வாரிச் சென்ற கடலும் எத்தனை பிள்ளைகளைத் தாயற்றவர்கள் ஆக்கின என்பதை வாவியின் இருகரை மக்களும் அறிவார்கள். அன்றைய பிள்ளைகள் இன்று தாங்களே பெற்றோர். ஆயினும் தாய் வெளிநாட்டில் வேலைக்குப் போக, பெரியம்மாவிடமோ அம்மம்மாவிடமோ வளரும் பிள்ளைகள் இன்றும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். பெறாதவர்கள் கையால் சோறு உண்ணும் பிள்ளைக்கு இக்கதையை எப்படிச் சொல்வது? அதற்கு முதலில் இக்கதை எங்கெல்லாம் நடந்து வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கதைச் சுருக்கம் உங்களுக்குத் தெரியும். தேவமாதாவின் பக்தையான அரசகுமாரி ஞானசௌந்தரி, மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் காட்டில் இரு கைகளையும் இழக்கிறாள். இளவரசன் பிலேந்திரன் அவளைக் கண்டு காப்பாற்றி மணக்கிறான். மாற்றி எழுதப்பட்ட கடிதத்தால் மீண்டும் பிரிவு, மீண்டும் காடு. மாதாவின் அருளால் கைகள் திரும்பக் கிடைக்க, குடும்பம் ஒன்றுசேர்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர் இதை விடிய விடியக் கூத்தாக ஆடினார்கள். நம் மட்டக்களப்பின் அலங்காரரூபன் நாடகத்தை 1962இல் அச்சேற்றிய பேராசிரியர் சு. வித்தியானந்தன், மன்னாரில் ஆடப்பட்ட ஞானசவுந்தரி நாடகத்தை 1967இல் பதிப்பித்தார். 1948இல் இதே கதை இரண்டு திரைப்படங்களாக வந்து மோதிக்கொண்டது. சிட்டாடல் நிறுவனத்தின் படம் வெற்றிபெற, ஜெமினி வாசன் தம் படத்தைத் திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார். நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு ஞானசௌந்தரி என்றால் இன்றும் அந்தப் படமும், அதில் மாதாவை நோக்கிய மன்றாட்டுப் பாடலுமே நினைவுக்கு வரும்.

ஆனால் கையிழந்த அரசகுமாரி நமக்கு மட்டும் சொந்தமானவள் அல்லள். 13ஆம் நூற்றாண்டில் பிலிப் த ரெமி என்ற பிரெஞ்சுக் கவிஞர் 'மானெக்கின்' என்னும் காவியமாக அவள் கதையைப் பாடினார். அதில் ஹங்கேரி நாட்டு அரசகுமாரி ஒரு கையை இழந்து, ஓடத்தில் தனியே விடப்பட்டு, ஸ்கொட்லாந்துக் கரையில் ஒதுங்கி, அந்நாட்டு அரசனை மணக்கிறாள். வெட்டுண்ட கையை ஒரு மீன் விழுங்கிப் பழுதின்றிக் காத்திருக்க, உரோமையில் பாப்பரசர் செபிக்க, கை மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. (வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு இந்த மீனைச் சொல்லிப் பாருங்கள், கதையில் வேறு எதுவும் அவர்கள் மனதில் நிற்காது!) அடுத்த நூற்றாண்டில் பிரான்சில் இதையே தேவமாதாவின் புதுமை நாடகமாக மேடையேற்றினார்கள். இத்தாலியின் பிளாரன்ஸ் நகர நாடகமொன்றிலோ ஸ்தெல்லா என்ற பெண் மாற்றாந்தாயின் பொறாமையால் கைகளை இழந்து, மாதாவிடமிருந்து அவற்றைத் திரும்பப் பெறுகிறாள். அண்ணாவியார் மத்தளத்தோடு வட்டக்களரியில் நின்ற நம் முன்னோரும், பிளாரன்ஸ் நகரத்து விசுவாசிகளும் ஏறக்குறைய ஒரே கதையைப் பார்த்துக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். கடைசியாக 1812இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் இதைச் சிறுவர் கதைத் தொகுப்பில் சேர்த்தார்கள்.

இனி நம் சிறுமியின் கேள்விக்கு வருவோம். கைகளை வெட்டக் காரணமானவர் யார்?

கிரிம் கதையில் பெற்ற தகப்பனே! ஏழையான மில்காரன் ஒருவன், அறியாமல் தன் மகளைப் பசாசுக்கு விற்றுவிடுகிறான். அவள் கைகளைத் தன் கண்ணீரால் கழுவிச் சுத்தமாக வைத்திருப்பதால் பசாசு அவளை நெருங்க முடியவில்லை. "கையை வெட்டு, இல்லையேல் உன்னைக் கொண்டுபோவேன்" என்று அது மிரட்ட, தகப்பன் பயந்து வெட்டுகிறான். பழைய 'மானெக்கினில்' நிலைமை இதைவிடக் கொடிது. மனைவியை இழந்த அரசன் தன் சொந்த மகளையே மணக்க முனைகிறான். அதிலிருந்து தப்ப அவள் தன் கையைத் தானே வெட்டிக்கொள்கிறாள்.

இதை நான் எழுதத் தயங்கினேன். ஆனால் பெற்றோர் அறிய வேண்டியது. கதை நாடு விட்டு நாடு போகையில், தகப்பனின் குற்றம் பல வடிவங்களில் மாற்றாந்தாயின் தலையில் ஏற்றப்பட்டது. கிரிம் சகோதரர்களே வேறு கதைகளில் இவ்வாறு செய்திருக்கிறார்கள். ஸ்னோ ஒயிட் கதையிலும், காட்டில் கைவிடப்பட்ட ஹான்சல், கிரேட்டல் கதையிலும் முதற்பதிப்பில் கொடுமை செய்தவள் பெற்ற தாய். பிந்திய பதிப்புகளில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். தாய்மையின் பெயர் கெடக்கூடாது என்பது நல்லெண்ணமாக இருக்கலாம். அதற்கு விலை கொடுத்தவர்கள் உலகத்துச் சின்னம்மாமார். இன்னொரு விலையும் உண்டு. ஆபத்து என்றால் அது வெளியிலிருந்து வந்தவர்களாலேயே வரும் என்று நம்பிவிட்ட பிள்ளை, இரத்த உறவு ஒன்று தவறாக நடக்கும்போது யாரிடம் போய்ச் சொல்லும்?

திருச்சபையாகிய நமக்கு இதில் தனிப்பொறுப்பு இருக்கிறது. நாசரேத்து வீட்டில் இயேசுவை வளர்த்தவர் அவரைப் பெற்ற தகப்பன் அல்லர். புனித சூசையப்பரின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டி, மார்ச் 19இல் அவருடைய விழாவைக் கொண்டாடும் நாம், பெறாமல் வளர்ப்பவர்களைக் கொடியவர்களாகக் காட்டும் கதையை மறுசொல்லின்றிச் சொல்லலாகாது. லேனாளை நீக்கிவிடுங்கள் என்று நான் கூறவில்லை. அவளை விட்டால் கூத்தே இல்லை. அவள் செய்தது பொறாமையால் என்று சொல்லுங்கள். சின்னம்மா ஆனதால் என்று சொல்லாதீர்கள்.

கிரிம் கதையில் இதற்கு உதவும் பாத்திரம் ஒன்று உண்டு. பசாசு கடிதத்தை மாற்றி, அரசியையும் குழந்தையையும் கொல்லுமாறு எழுதிவிடுகிறது. அப்போது அரசனுடைய தாய், அதாவது அப்பெண்ணின் மாமியார், "நிரபராதியைக் கொல்ல மாட்டேன்" என்று உறுதியாக நின்று, தாயையும் பிள்ளையையும் தப்பிக்க விடுகிறாள். இரத்த உறவில்லாத ஒரு பெண்தான் அவர்களைக் காப்பாற்றுகிறாள்! அடுத்த ஞாயிறு வகுப்பில் இந்தப் பகுதியைச் சொன்னேன். அச்சிறுமி எதுவும் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் கதையைத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய சின்னம்மா பூசை முடிந்தபின் வந்து, "அந்தக் கதை எந்தப் புத்தகத்தில இருக்கு, டீச்சர்?" என்று விசாரித்தார்.

"இது உண்மையா?" என்பது பிள்ளைகள் தவறாமல் கேட்கும் அடுத்த கேள்வி. மழுப்ப வேண்டாம். ஞானசௌந்தரி திருச்சபை அறிவித்த புனிதை அல்லள். நம் கூத்துகளிலேயே பலவகை உண்டு. தேவசகாயம்பிள்ளை நாடகம் 1752இல் விசுவாசத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022 மே 15இல் புனிதராக உயர்த்தப்பட்ட வரலாற்று மனிதரைப் பற்றியது. எஸ்தாக்கியார் நாடகம் வேதசாட்சி ஒருவரைப் பற்றியதெனினும், மானின் கொம்புகளிடையே சிலுவை தோன்றியதும், மனைவி மக்கள் பிரிந்து கூடியதும் வீரகாவியச் சாயல் கொண்டவை. அவருடைய திருநாள் 1969இல் உலகப் பொதுநாட்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. ஞானசௌந்தரியோ முழுக்கக் கதை. கதை என்பதால் பொய் என்றாகிவிடாது. ஊதாரி மகனும் நல்ல சமாரியனும் ஆண்டவர் சொன்ன கதைகள்தாமே? ஆறேழு வயதுக்கு, "அழகான கதை, மாதாவை நேசித்தவர்கள் சொன்னது" என்பது போதும். பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு மேற்சொன்ன வேறுபாட்டை விளக்கலாம்.

கடினமான கேள்வியை இறுதியாக வைத்தேன். மிதிவெடியிலும் ஷெல் வீச்சிலும் கைகால் இழந்தவர்கள் நம்மோடு வாழ்கிறார்கள். ஆயித்தியமலை சதா சகாய மாதாவிடம் அவர்களும்தான் நடந்து போகிறார்கள். ஞானசௌந்தரிக்குக் கொடுத்த மாதா எங்கள் மாமாவுக்கு ஏன் கையைக் கொடுக்கவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டால்? செபம் போதவில்லை என்று மட்டும் ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள். அது உண்மையுமன்று, இரக்கமுமன்று.

நான் கதைக்குள்ளேயே திரும்பிப் போவேன். தமிழில் 'கையறுநிலை' என்றால் செய்வதறியாத துயரம். இக்கதையின் பெண்ணோ உண்மையாகவே கையற்றவள். அந்த நிலையிலேயே ஸ்கொட்லாந்து அரசன் 'மானெக்கினை' அரசியாக்குகிறான். புதுமை பின்னர்தான் நடக்கிறது. கிரிம் கதையில் அரசன் அவளுக்கு வெள்ளியால் கைகள் செய்துகொடுக்கிறான். அவள் அவற்றோடு அரசியாக வாழ்கிறாள், பிள்ளை பெறுகிறாள். கைகள் முளைப்பது ஆண்டுகள் கழிந்த பிறகு. பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியை அவசரப்படாமல் சொல்லுங்கள். வெள்ளிக் கைகளைச் செய்தவர் யார், எப்படிச் செய்தார் என்று அவர்கள் கேட்பார்கள். செயற்கைக் கால் அணிந்த ஒருவர் உங்கள் உறவில் இருந்தால், அவரையே அருகில் அமர்த்தி அதைச் சொல்லச் சொல்லலாம்.